சாக்பீஸ் படாத சக்கரம்

1.

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. எனக்குக் குரலை உயர்த்தத் தெரியாது, எழுதும்போதும் அப்படித்தான். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது, அந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். இதில் என்ன கதை இருக்கும் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஓர் அக்காள் இருக்கிறாள், ஒரு தம்பி இருக்கிறான். இடித்துவிடலாமா என்று ஊர் யோசிக்கிற பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. எனக்கு இது போதும்.

கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மஞ்சள் அட்டையிலிருந்து. அயோவா மாநிலத்தில் எங்கள் மெர்ட்டன் ஊரில், நகர மன்றக் கூட்டத்தில் பேச விரும்புகிறவர்கள் வாசலிலேயே ஓர் அட்டையை நிரப்பித் தரவேண்டும். பெயர், முகவரி, அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, இரண்டும் இல்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலை என் பக்கத்து மடக்கு நாற்காலியில் ஓர் அட்டை கிடந்தது. நான் சொன்ன அக்காளின் பெயர் எழுதியிருந்தது, முகவரி எழுதியிருந்தது. கட்டங்களில் எதுவும் குறிக்கவில்லை. ஆனால் மூன்றிலும் பேனா முனை அழுந்திய ஒரு சின்னப் புள்ளி. ஒவ்வொன்றிலும் பேனாவை வைத்து, வைத்து, எடுத்திருக்கிறாள். பிறகு இதைப் போட்டுவிட்டு வேறோர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த மூன்று புள்ளிகளுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ஆறு மாதம் ஆகிறது.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "மெர்ட்டனின் கடைத்தெரு செத்துக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். தெரு சாவதில்லை. மருந்துக்கடைக்காரர் கதவில் நன்றி என்று ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போவார், அடுத்த வருடம் துணிக்கடை அம்மாள் போவாள். போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு.

இரண்டாவது: "கடைத்தெருவுக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டத்தின்கீழ், நான்கு தளங்களில் முந்நூற்றுப் பத்து வண்டிகள் நிற்கும் கட்டடம் ஒன்றை, ஒன்பது மில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிட்டு…" இது உள்ளூர்ப் பத்திரிகையின் வாசகம். என் கை நோகாமல் வந்தது. அதனாலேயே வேண்டாம்.

மூன்றாவது நின்றது. இதோ:

லுவான் ஹூக்ஸ்ட்ரா காலை ஒன்பது மணிக்குக் கடைத்தெருவின் வடக்கு முனையில் வந்து நிற்பாள். கையில் நீளமான ஒரு கோல், அதன் நுனியில் செருகிய சாக்பீஸ். குனியாமல், நடையை நிறுத்தாமல், நிற்கிற ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்திலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போவாள். பதினோரு மணிக்குத் திரும்பி வருவாள். கோடு போட்ட வண்டி இன்னும் அதே இடத்தில் நின்றால் கண்ணாடியில் அபராதச் சீட்டு. இரண்டு மணி நேரத்துக்குமேல் அந்தத் தெருவில் யாரும் நிறுத்தக்கூடாது. இருபத்தேழு வருடமாக இது அவள் வேலை. வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அவளைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் குறைவு, அவள்மேல் மரியாதை இல்லாதவர்கள் அதைவிடக் குறைவு.

மொத்தம் நாற்பத்தாறு இடங்கள். முதல் இடம் அவள் தம்பி டுவேனின் செருப்புக்கடை வாசல். அங்கே ஒரு பச்சை டிரக் நிற்கும். அதன் சக்கரத்தில் மட்டும் அவள் கோடு இழுப்பதில்லை.

[இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாதோ? கெட்டிக்கார எழுத்தாளர்கள் கடைசிவரை மறைத்து வைப்பார்கள். எனக்கு உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.]

3.

டுவேன்தான் கடைக்காரர் சங்கத் தலைவன். கார் நிறுத்தும் கட்டடம் என்பது அவன் மூன்று வருடமாகச் சுமக்கிற கனவு. ட்ரூடியின் சிற்றுண்டிக் கடையில் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தால் வேறு பேச்சே வராது.

"போன வாரம் ஒரு பொம்பள ஃபோன் பண்ணுனா. ரெண்டு தடவ சுத்தினேன் டுவேன், நிறுத்த இடமே இல்ல, ஹைவேல இருக்கற பெரிய கடைக்கே போயிட்டேன்னா. எம்பது டாலர் பூட்ஸ் அது."

"ஆத்தோரம் தானிய சைலோ பக்கத்துல அத்தன பெரிய சரளை மைதானம் சும்மாதானே கெடக்கு, தங்கம்?" என்றாள் ட்ரூடி, காப்பியை ஊற்றிக்கொண்டே.

"ரெண்டு தெரு தள்ளி. ஜனவரிக் காத்துல யாரு நடப்பா?"

"கேட்டியா லூ? ஷூ விக்கிறவனே நடக்க மாட்டேங்கறான்."

கடையே சிரித்தது. டுவேனும் சிரித்தான். லுவான் முட்டையில் மிளகுத்தூள் தூவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.*

* அந்த ஊரில் தம்பி அக்காளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். முதல் வரைவில் டுவேனின் வாயில் "அக்கா" என்று எழுதிவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "லூ" என்பான். அந்த ஓரெழுத்தில் அக்கா இருக்கிறது என்று நம்பி விட்டுவிட்டேன்.

4.

சக்கரத்துக்கு வருகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன் டுவேனின் மனைவி மார்லிஸுக்கு நோய் முற்றியது. மருத்துவமனை நாற்பது மைல். எந்த நேரத்தில் கூப்பிடுவார்களோ தெரியாது. கூப்பிட்டால் ஓடுவதற்கு டிரக் கடை வாசலிலேயே நிற்கவேண்டும். லுவான் யாரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அந்தச் சக்கரத்தைத் தாண்டிப் போனாள், அவ்வளவுதான். ஏப்ரலில் மார்லிஸ் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் டிரக் அதே இடத்தில் நின்றது. அன்றைக்குப் போய் எப்படிக் கோடு இழுப்பாள்? அந்த வாரம் அவளால் முடியவில்லை. அந்த மாதம் முடியவில்லை. பிறகு ஒரு வருடம் கழித்துத் திடீரென்று ஒரு நாள் இழுத்தால், "உன் துக்கத்துக்கு நேரம் முடிந்தது" என்று அவன் சக்கரத்தில் எழுதுவதுபோல் ஆகிவிடாதா?

அதனால் பதினொரு வருடம்.

[இங்கே எனக்கு லுவானைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. கடமை தவறாதவள் என்று படும்படி மேலே எழுதியதை அழிக்கவேண்டுமா? மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் அவளுக்குப் பயந்து, பத்தே முக்காலுக்கு ஒரே சமயத்தில் வெளியே ஓடி வந்து, ஆளுக்கு ஓர் இடம் மாற்றி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவார்கள். இசை நாற்காலி ஆட்டத்தில் இசையை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. பூக்கடை வண்டி பல் டாக்டர் வாசலுக்கு, பல் டாக்டர் வண்டி வங்கி வாசலுக்கு. தினமும் நான்கு தடவை. யார் வண்டி எது என்று லுவானுக்கு நன்றாகத் தெரியும். டுவேன் மட்டும் வெளியே வருவதில்லை. அழிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.]

5.

மாநிலத் தலைநகரிலிருந்து ஆய்வு செய்ய ஓர் இளைஞர் வந்தார், கிளிப் அட்டையும் பேனாவுமாக. நகராட்சி லுவானைத் துணைக்கு அனுப்பியது. வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால். இருவரும் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை நடந்தார்கள். அவர் எண்ணினார். நாற்பத்தாறில் நாற்பத்து நான்கு நிரம்பியிருந்தன.

"எப்பவும் இப்படித்தானா மேடம்?"

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் லுவான்.

உண்மை. எள்ளளவும் பொய் இல்லை. அவர் எண்ணியது வண்டிகளை. யாருடைய வண்டிகள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் முதல் இடத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

அறிக்கை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இடங்கள் நிரம்பி வழிகின்றன, கட்டடம் அவசியம், அதற்கேற்ற மனை சலவைக்கடைக் கட்டடம் நிற்கிற மூலை. கீழே சலவைக்கடை. மேலே பன்னிரண்டு வீடுகள். வாடகைக்கு இருக்கிற பன்னிரண்டு குடும்பங்கள்.

லுவான் அறிக்கையை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது அவள் அழுதா

இல்லை. அவள் அழவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன், நான் எங்கே தடுக்கினேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

6.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்றில் நான் இருக்கிறேன். மூன்றாம் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல். கீழே சலவைக்கடையில் துணி திருத்துகிற வேலை, முப்பத்தொரு வருடம். பத்தே முக்கால் ஆட்டத்தை நான் பார்ப்பது அந்த ஜன்னலிலிருந்துதான். லுவான் தன் சீருடைப் பேண்டின் காலைக் குட்டையாக்க என்னிடம்தான் வருவாள். அடுத்து வரப்போகிற பேச்சை அவள் எனக்குச் சொன்னது, வாயில் குண்டூசிகளோடு நான் அவள் காலடியில் முட்டி போட்டிருந்தபோது. பாதியைச் சொன்னாள், மீதி என்னுடையது.

ஆகவே, கண்ணுகளா, டுவேனைப் பற்றி நான் கெட்டதாக ஏதாவது எழுதினால் சந்தேகப்படுங்கள். நல்லதாக எழுதினாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நியாயமானவள் என்று பெயர் வாங்கப் பார்க்கிறேனோ என்னவோ.

7.

வெள்ளிக்கிழமை மதியம். கடையில் ஆள் இல்லை. டுவேன் ஒரு புது பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான்.

"டுவேன், அந்த அறிக்கை தப்புடா."

"எது தப்பு?"

"நாப்பத்தி நாலு வண்டின்னு போட்டிருக்கே, அதுல இருபத்தொம்பது நம்ம ஆளுங்களோடது. கடைக்காரங்க, கடைல வேல செய்யறவங்க. உன்னோடது மொதல்ல."

"அத அந்த ஆள்கிட்டயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"அவன் கேக்கல."

"இப்ப மட்டும் உன்ன யாரு கேட்டா?"

அவள் திரும்பி, வாசலில் நின்ற டிரக்கைப் பார்த்தாள்.

"எல்லாரும் சைலோ பக்கம் போட்டா என்ன? ரெண்டு தெருதான்."

"போடலாம். போட்டா தெரு எப்படி இருக்கும்னு யோசிச்சியா, லூ? காலியா இருக்கும். ஹைவேலருந்து திரும்பறவன் காலித் தெருவப் பாத்தா நிப்பானா? செத்த ஊர்னுட்டுப் போயிட்டே இருப்பான். எங்க வண்டியாவது நிக்கட்டும்னுதான் நிறுத்தறோம்."

"அப்ப எடம் பத்தலங்கறது?"

"ரெண்டும்தான். எடமும் பத்தல, ஆளும் பத்தல." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "கட்டடம் வந்தா ஆள் வருவாங்கன்னு எனக்கு மட்டும் உறுதியாத் தெரியுமா? தெரியாது. ஆனா நம்பறதுக்கு வேற எதுவும் என்கிட்ட இல்ல. உன்கிட்ட இருந்தா சொல்லு. இப்பவே கேக்கறேன்."

அவளிடமும் இல்லை.

அவன் அடுத்த பூட்ஸை எடுத்துக் கயிறு கோக்கத் தொடங்கினான்; அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தச் சக்கரத்துல நீ கோடு போடறதில்லன்னு எனக்குத் தெரியும். கேக்கணும்னு தோணல. காலைல வண்டிய விட்டு எறங்கறப்ப, மார்லிஸுக்காக யாரோ இன்னும் எடம் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு இருக்கும். அவ்வளவுதான்."

இந்த வரி லுவான் சொன்ன பாதியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, "நீளம் சரியா இருக்கா?" என்று பேண்டைப் பற்றிக் கேட்டாள். நான் சரி என்று தலையாட்டினேன். வாயில் குண்டூசிகள் இருந்தன.

8.

சனிக்கிழமை காலை. மன்ற அறை போதாது என்று தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். [தீயணைப்பு வண்டிகள் தெருவில் இடம் கிடைக்காமல் சுற்றியதை எழுதினேன். சிரிப்பு வந்தது. எடுத்துவிட்டேன்.] ட்ரூடி டோனட் கொண்டுவந்திருந்தாள். மேசையில் சின்ன விளக்குக் கம்பம்: பேச ஆரம்பித்தால் பச்சை, கடைசி அரை நிமிடம் மஞ்சள், முடிந்தால் சிவப்பு.

பதினாறு பேர் பேசினார்கள். என் எதிர்வீட்டு ஆள், ஆக்ஸிஜன் குழாயோடு வந்து, "எனக்குக் காரே இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மேயரம்மா லுவானின் பெயரை வாசித்தார்.

லுவான் சீருடையில் வந்திருந்தாள். பெயரும் முகவரியும் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தாள்.

"கட்டணுமா வேண்டாமான்னு சொல்ல நான் வரல. அன்னிக்கு எண்ணுனப்ப நான் கூட இருந்தேன். யார் வண்டின்னு எண்ண வந்த பையன் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருக்கணும். கேக்காட்டியும் சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்." பச்சை எரிந்தது. "ஒண்ணாவது எடம். பச்சை டிரக். ஹூக்ஸ்ட்ரா ஷூ கடை. ரெண்டாவது, வெள்ளக் கார், பூக்கடை. மூணாவது, பல் டாக்டர். நாலாவது, மினசோட்டா நம்பர், யாரோ வெளியூர். அஞ்சாவது, ட்ரூடி."

"கடவுளே" என்றாள் ட்ரூடி, கையில் டோனட்டோடு.

லுவான் நிதானமாக வாசித்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தன் வண்டி வரும் வரிசையில் ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. மஞ்சள் எரிந்தது. முப்பத்தெட்டாவது இடத்தில் சிவப்பு.

"நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் மேயர், மெல்ல.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அட்டை கொடுத்துவிட்டு இன்னும் பேசாமல் இருப்பவர், தன் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். எழுந்து நின்று சொன்னால் போதும்.

நானும் ஓர் அட்டை கொடுத்திருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வீடுகளில் குடியிருக்கிற ஒருத்தி எழுந்தால், லுவான் பேசியது எங்களுக்காகத்தான் என்று ஆகிவிடுமே என்று யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டுவேன் எழுந்து நின்றான்.

"என் மூணு நிமிஷத்த அவளுக்குக் குடுத்துடறேன்."

"நீங்கதானே திட்டத்தப் பத்திப் பேசணும், டுவேன்?"

"அவ முடிக்கட்டும்."

[கோபத்தில் சொன்னானா, பெருந்தன்மையில் சொன்னானா என்று கேட்பீர்கள். இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று, கண் கலங்கி ஒன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவன் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான். கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.]

பச்சை எரிந்தது. லுவான் மீதி எட்டு இடங்களையும் வாசித்தாள். குறிப்பேட்டை மூடினாள்.

"மத்த எல்லாருக்கும் நான் சீட்டுக் கிழிச்சிருக்கேன். ஒண்ணாவது எடத்துச் சக்கரத்துல மட்டும் பதினோரு வருஷமா சாக்பீஸ் வெக்கல. அது அவன் தப்பு இல்ல. என்னோடது. திங்கக்கெழமலருந்து வெப்பேன்."

போய் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. அது டுவேனின் நேரம். அதை அணைக்க யாருக்கும் கை போகவில்லை. அவ்வளவு பேரும் உட்கார்ந்து அந்தப் பச்சை மஞ்சளாவதையும், மஞ்சள் சிவப்பாவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

9.

மன்றம் அன்றைக்கு முடிவு எடுக்கவில்லை. ஊரே நவம்பரில் ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். கடன்பத்திரம் என்றால் எங்கள் மாநிலத்தில் பாதிக்குமேல் போதாது, நூற்றுக்கு அறுபது பேர் சம்மதிக்கவேண்டும். நான் இதை எழுதுவது அக்டோபரில். ஆகவே அந்த முடிவு என்னிடம் இல்லை. இந்தக் கதை அச்சாகும்போது இந்த ஜன்னல் இருக்குமா என்பதும் தெரியாது.

ஆனால் நீங்கள் கேட்பது அதை அல்ல, எனக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமையைக் கேட்கிறீர்கள்.

ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணி. முதல் இடம் காலி. டிரக் சைலோ பக்கத்துச் சரளை மைதானத்தில் நிற்கிறது. டுவேன் தன் கடை பூட்ஸைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்து வருகிறான். காற்று முகத்தில் அடிக்கிறது. எதிரே அக்காள் கோலோடு வருகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப மாட்டேன் என்கிறேன்.

இன்னொன்றில் டிரக் அங்கேயே நிற்கிறது. லுவான் கோடு இழுக்கிறாள். பதினோரு மணிக்குத் திரும்பி வருகிறாள்; நிற்கிறது; சீட்டு எழுதுகிறாள். டுவேன் அபராதத்தைக் கட்டுகிறான், மறுநாளும் கட்டுகிறான், கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு நாளும் கட்டுகிறான், அக்காளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதை எழுதியபோது எனக்குக் கை வலித்தது. வலித்ததால் உண்மை என்று ஆகிவிடுமா?

மூன்றாவதில், டிரக் நிற்கிறது, லுவான் கோலை நீட்டுகிறாள், கடைக் கதவு திறக்கிறது, டுவேன் வெளியே வந்து, அவள் கையிலிருந்து

அதற்குமேல் எழுதவில்லை.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு நான் ஜன்னலில்தான் இருந்தேன். நடந்ததைப் பார்த்தேன். உங்களிடம் எதையும் மறைக்க மனம் வரவில்லை என்று தொடக்கத்தில் சொன்னவள்தான். இதை மட்டும் சொல்லப்போவதில்லை. இடிபடப்போகிற வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தவள் நான். எதைச் சொன்னாலும் அதில் என் வீடு வந்து நின்றுகொள்ளும். டுவேனை நல்லவனாக்கினால் ஊரின் மனம் ஒரு பக்கம் சாயும், கெட்டவனாக்கினால் இன்னொரு பக்கம் சாயும். தீயணைப்பு நிலையத்தில் எழுந்து நிற்காதவளுக்கு, ஓர் அக்காளையும் தம்பியையும் தன் ஓட்டுச்சீட்டாக்கிக்கொள்ள உரிமை கிடையாது.

ஆனால் அந்த வழக்கம் இருக்கிறதே, அது எனக்கும் பொருந்தும். இப்போது எழுந்து நிற்கிறேன், கண்ணுகளா. காலம் தாழ்ந்துதான். என் மூன்று நிமிடத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். முதல் இடத்தில் என்ன நின்றது என்பதை நீங்கள் சொல்லுங்கள். விளக்கு பச்சையாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்ட உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். அதன் சுவரில் யாரும் அளவுக்கயிறு பிடிக்காமல் இருக்கட்டும். கூடப் பிறந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க உங்கள் வாசலில் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கட்டும், வந்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் அங்கே யாரும் மணி பார்க்காமல் இருக்கட்டும்.